பொய் சொல்லாத சாட்சி

1984 ஜூலையில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், வீட்டுக்குள் புகுந்த ஒருவன் கல்லூரி மாணவி ஒருவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான். உயிர் தப்பினால் இவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று, அந்த நிலையிலும் அவர் அவன் முகத்தை மனதில் பதித்துக்கொண்டார். போலீசார் நீட்டிய புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். பிறகு வரிசையாக நிறுத்தப்பட்டவர்களிலும் அவரையே காட்டினார். இரண்டிலும் இருந்த ஒரே முகம் காட்டனுடையதுதான்! படத்தில் காட்டிய ஆளே இவன் என்று போலீசாரும் சொல்லிவிட, மிச்சமிருந்த தயக்கமும் போயிற்று. 1985இல் காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

1987இல் மறுவிசாரணை. உண்மையில் அந்தக் கொடுமையைச் செய்தவனையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண் அவனை நேருக்கு நேர் பார்த்து, இவனை நான் பார்த்ததே இல்லை என்றார். பொய்யல்ல. அவர் நினைவில் அதற்குள் காட்டனின் முகம் குடியேறிவிட்டது. 1995இல் டிஎன்ஏ சோதனைதான் காட்டனை விடுவித்தது. அதற்குள் பத்தரை ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். மனமறிந்து பொய் சொல்லாதவரை எப்படி மடக்குவது? அதனால்தான் அடையாள அணிவகுப்பு நடக்கும் நாளே முக்கியம்.

நம் ஊரில் அணிவகுப்பைக் குற்றவியல் நடுவர் நடத்துவார், பெரும்பாலும் சிறைக்குள். வயது, உயரம், தோற்றம் ஒத்த வேறு ஆட்களோடு சந்தேக நபரை நிறுத்த வேண்டும். எந்த இடத்தில் நிற்பது என்பதை அவரே தேர்ந்துகொள்ளலாம். போலீசார் அங்கே இருக்கக் கூடாது. ஆட்சேபம் உண்டா என்று நடுவர் கேட்பார். வாய் திறக்க வேண்டியது அப்போதுதான். ஸ்டேஷனில் வைத்தே சாட்சிக்குக் காட்டினார்கள், செல்போனில் என் படத்தைக் காட்டினார்கள், பேப்பரில் படம் வந்துவிட்டது, தழும்போ தாடியோ எனக்கு மட்டும்தான் இருக்கிறது, இப்படி எதுவானாலும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பயத்தில் பலர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பதிவில் இல்லாததை மேல்முறையீட்டில் நிறுவுவது பெரும்பாடு.

அணிவகுப்பில் காட்டியது மட்டுமே தண்டனைக்குப் போதாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கு அது துணை, அவ்வளவே. முன்பின் தெரியாத ஆளை அணிவகுப்பே இல்லாமல் முதன்முதலாக நீதிமன்றத்தில் கைகாட்டினால், அந்தச் சாட்சியத்தைப் பொதுவாக நீதிபதிகள் தயக்கத்தோடுதான் ஏற்பார்கள். கைதானவருக்கு வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருகிறது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தவர், அங்குள்ள கடையின் சிசிடிவி பதிவு அழிவதற்குள் வக்கீல் மூலம் கேட்டுவிட வேண்டும்.

சாட்சி சொல்பவருக்கும் ஒன்று: வரிசையில் அந்த ஆள் இல்லாமலும் இருக்கலாம். "இவர்களில் யாரும் இல்லை" என்பதும் சாட்சியம்தான்.

இழப்பீட்டுக் கதை சங்கடமானது. தவறாக வழக்குக்கு ஆளானவர்களுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆனால் இருக்கும் சட்டப்படி, போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்யவைத்தவரிடமிருந்து நடுவர் வாங்கித் தரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 1,000 ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றத்தின் படியோ உயர் நீதிமன்றத்தின் படியோ ஏற வேண்டும். காட்டனுக்கு வட கரோலினா கொடுத்தது 1,10,000 டாலர்.