ஊசி குத்த மூவாயிரம் மணி நேரம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அக்குபஞ்சர் தொழில் செய்ய உரிமம் வேண்டுமானால், குறைந்தது 3,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அதில் 2,050 மணி நேரம் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் கழியும். மீதி 950 மணி நேரம், மூத்தவர்களின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உரிமத் தேர்வு. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் பருமனைத் தாண்டாத, மருந்து எதையும் உள்ளே செலுத்தாத ஓர் ஊசியைக் குத்தி, இருபது முப்பது நிமிடம் விட்டுவைத்து எடுக்கும் வேலைக்குத்தான் இவ்வளவு படிப்பு.

மாணவர்கள் உடலில் 361 புள்ளிகளை இருக்குமிடம், ஆழம், கோணம் என்று மனப்பாடம் செய்கிறார்கள். ‘சி’ என்ற உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளின் மேல் இவை அமைந்துள்ளன. ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் நாடி பார்க்கவும், நாக்கின் நிறத்தையும் படிவையும் கவனித்து முடிவுக்கு வரவும் கற்கிறார்கள். பயிற்சியின் அச்சாணி ஒன்றுதான்: சரியான புள்ளியில் குத்த வேண்டும்.

2007இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு அந்த அச்சாணியையே அசைத்துப் பார்த்தது.

போலிக் குத்தும் பலித்தது

பல ஆண்டுகளாக இடுப்புவலியால் அவதிப்பட்ட 1,162 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் குழுவுக்கு முறைப்படி அக்குபஞ்சர். இரண்டாம் குழுவுக்கு, புள்ளிகளே இல்லாத இடங்களில் மேலோட்டமாகப் போலிக் குத்து. மூன்றாம் குழுவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 47.6 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். போலிக் குத்து வாங்கியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலோ 27.4 சதவீதம் மட்டுமே.

இந்த எண்களை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் படித்தனர். உண்மைக் குத்துக்கும் போலிக்கும் இடையிலான 3.4 சதவீதப் புள்ளி வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம், எனவே புள்ளிக் கோட்பாட்டுக்கு ஆதாரமில்லை என்றனர் விமர்சகர்கள். வழக்கமான சிகிச்சையைவிட இருபது சதவீதப் புள்ளி கூடுதல் பலன் கிடைத்திருக்கிறதே என்றனர் ஆதரவாளர்கள். நீண்டகால இடுப்புவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபஞ்சர் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கலாம் என்று ஜெர்மனி 2006இலேயே முடிவெடுத்துவிட்டது. ஆனால் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் குத்தினால்தான் காப்பீடு உண்டு.

பிரிட்டனின் அனுபவம் இன்னும் விசித்திரம். சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் அங்குள்ள ‘நைஸ்’ அமைப்பு, இடுப்புவலிக்கு 2009இல் அக்குபஞ்சரைப் பரிந்துரைத்தது. 2016இல் வேண்டாம் என்றது. 2021இல், காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு முயன்று பார்க்கலாம் என்றது.

2012இல், சுமார் 18,000 நோயாளிகளின் தரவுகளை ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து அலசினார்கள். நாள்பட்ட வலியில் உண்மையான அக்குபஞ்சர் போலியைவிட மேல் என்று தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. குத்தே வாங்காதவர்களோடு ஒப்பிட்டால்தான் பலன் பெரிதாகத் தெரிந்தது. அப்படியானால் நியாயமாக ஒரு கேள்வி எழுகிறது: எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், 3,000 மணி நேரம் எதற்கு?

பழைய கலை, புதிய தொழில்

இதற்கு விடை தேட, இந்தத் தொழில் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். கலை ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. ஆனால் பாடத்திட்டம், தேர்வு, உரிமம் எல்லாம் கொண்ட இன்றைய வடிவிலான தொழிலுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. 1822இல் சீனப் பேரரசர் தாவ்குவாங், அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபஞ்சரையே விலக்கினார். 1929இல் தேசியவாத அரசின் சுகாதாரக் குழு, பழைய மருத்துவம் முழுவதையும் ஒழிக்கும் தீர்மானத்தை முன்வைத்தது. வைத்தியர்கள் ஷாங்காயில் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

பிழைக்க வேண்டுமானால் மாற வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவர்களில் செங் டானான் முக்கியமானவர். பழைய ஏடுகளின் புள்ளிகளை உடற்கூறியல் நூலோடு ஒப்பிட்டு, ரத்தக்குழாய்களின் மேல் விழுந்த சிலவற்றை நகர்த்தினார். மெல்லிய ஊசிகளைப் பரப்பினார், பள்ளி தொடங்கினார். இன்று ‘பண்டைய முறை’ என்று நாம் பார்ப்பதில் கணிசமான பகுதி 1930களில் சீரமைக்கப்பட்டதுதான். மாவோவின் அரசு 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தது. குருவிடமிருந்து சீடன் கற்ற வித்தை பட்டப்படிப்பாக மாறியது.

1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங் மருத்துவமனையில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மரத்துப்போகச் செய்யும் மருந்தை வழக்கம்போல் செலுத்தித்தான் அறுத்தார்கள். பிறகு வந்த வயிற்று உபாதைக்கு மட்டும் ஊசி குத்தினார்கள். ரெஸ்டன் அதை அப்படியே எழுதினார். ஆனால் வாய்க்கு வாய் மாறிய கதையில், ஊசியாலேயே மயக்கி அறுவை செய்தார்கள் என்றாகிவிட்டது. மறு ஆண்டு அதிபர் நிக்சனும் சீனா போய்வர, அமெரிக்காவில் அக்குபஞ்சர் மோகம் பற்றிக்கொண்டது.

சட்டம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. சீனாவில் செவிலியராகவும் அக்குபஞ்சர் நிபுணராகவும் பயின்ற மிரியம் லீ, உரிமமின்றி வைத்தியம் பார்த்ததாக 1974இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கைதானார். அவருடைய நோயாளிகள் நீதிமன்றத்தில் திரண்டுவிட்டனர். 1976இல் அந்த மாநிலம் அக்குபஞ்சர் நிபுணர்களுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. முதலில் உரிமம் பெற்ற வேறு மருத்துவர் பரிசோதித்து அனுப்பியவர்களைத்தான் தொடலாம் என்று நிபந்தனை இருந்தது. சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டு, நோயாளி நேராக வரலாம் என்றானது. பொறுப்பின் எடை அன்றிலிருந்து பல மடங்கு கூடியது.

குத்தக் கூடாத இடம்

முதுகுவலி என்று நேராக வருகிறவருக்கு உண்மையில் என்ன நோயோ யாருக்குத் தெரியும்? வலியோடு சிறுநீர் கட்டுப்படவில்லை, தொடையிடுக்கில் மரத்துப்போகிறது என்றால், அது தண்டுவட நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நோயாளிக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ‘இது என் வேலை இல்லை’ என்று சொல்லத் தெரிவதற்கு நோயியல் படித்திருக்க வேண்டும்.

தோள்பட்டையின் மேல்புறம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள புள்ளி தசைவலிக்குப் பேர்போனது. அதன் அடியில்தான் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஒல்லியான உடம்பில் கொஞ்சம் ஆழம் தப்பினால் நுரையீரல் உறையில் காற்று புகுந்துவிடும். வீடு போய்ச் சேர்ந்த பிறகுகூட மூச்சுத்திணறல் தொடங்கலாம். பயிற்சி பெற்றவர்களிடம் இது அபூர்வம். பிரிட்டனில் 574 தொழில்முறை நிபுணர்கள் அளித்த 34,407 சிகிச்சைகளைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியான ஆய்வில், கடுமையான பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

தொற்று இன்னொரு கவலை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1996இல் அக்குபஞ்சர் ஊசியைப் பரிசோதனைக் கருவி என்ற நிலையிலிருந்து விடுவித்து, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தித் தூக்கியெறிய வேண்டும் என்று விதித்தது. பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசியை வைத்து விரலால் தட்டி இறக்குகிறார்களே, அந்தக் குழாய் 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் பார்வையற்ற நிபுணர் சுகியாமா வாய்ச்சி உண்டாக்கிய உத்தி.

ஊசியைவிடப் பெரிய அபாயம், இந்த நிபுணர்கள் கூடவே வைத்திருக்கும் மூலிகைப் பெட்டியில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட வேறொரு செடி கலந்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ‘தான்ஷென்’ வேரைக் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். உரிமத்துக்கான படிப்பில் மூலிகைகளுக்குக் கணிசமான இடம் கொடுத்திருப்பது இதனால்தான்.

நரம்பு சொல்லும் சாட்சி

புள்ளிக்கு மதிப்பே இல்லை என்றும் முடித்துவிட முடியாது. ஊசிக் குத்தினால் உடலில் எண்டார்ஃபின் போன்ற இயற்கை வலிநிவாரணிகள் சுரக்கின்றன என்பதற்கான தடயங்கள் 1970களிலேயே கிடைத்தன. 2021இல் ஹார்வர்டைச் சேர்ந்த மா சியூஃபுவின் குழு, எலிகளின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள புள்ளியில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தது. குறிப்பிட்ட வகை நரம்புகள் வழியாகச் செய்தி மூளைக்குப் போய், அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு, அழற்சி குறைந்தது. அதே தூண்டலை வயிற்றில் கொடுத்தபோது இந்தப் பலன் இல்லை. அந்த நரம்புகள் காலின் ஆழ்திசுக்களில் செறிந்திருப்பதும் வயிற்றில் அப்படி இல்லாததும்தான் காரணம். ஆக, இடம் முக்கியமாகும் இடங்களும் உண்டு. அதைத் தீர்மானிப்பது நரம்பின் போக்கு. எலியில் கண்டது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இனி வர வேண்டிய பாடம்.

இவ்வளவுக்கும் பிறகு இந்தத் தொழிலின் அந்தஸ்து அரைகுறைதான். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், நாள்பட்ட இடுப்புவலிக்கான அக்குபஞ்சர் செலவை 2020 ஜனவரி முதல் ஏற்கிறது: 90 நாளில் 12 முறை, குணம் தெரிந்தால் இன்னும் 8. ஆனால் 3,000 மணி நேரம் படித்த நிபுணர் தம் பெயரில் மெடிகேருக்குக் கட்டணச் சீட்டு அனுப்ப முடியாது. ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் குத்தினால்தான் பணம்.

இந்தியாவுக்கு இந்தக் கலையைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், 1938இல் டாக்டர் கோட்னிஸுடன் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்த பிஜய் குமார் பாசு. பிற்பாடு மீண்டும் சீனா போய் அக்குபஞ்சர் பயின்று, கொல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆயினும் நாடு முழுக்கச் சில வாரப் பயிற்சிக்குச் சான்றிதழ் தருகிறவர்களும், பல ஆண்டு படித்தவர்களும் ஒரே மாதிரிப் பலகையைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

சிகிச்சைப் படுக்கையில் படுக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்? ஊசி புதிய உறையிலிருந்து வருகிறதா? எத்தனை தடவைக்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்? நல்ல நிபுணர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். தாமே உங்கள் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்ப்பார். நாடியைப் பிடித்துவிட்டு, ‘சுகர் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்’ என்று ஒருவர் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.