மாடியில் கிவி காய்க்குமா? காசை விடுமுன் படியுங்கள்!

சென்னை,

"ஹார்டி கிவி! எதையும் தாங்கும் கொடி! மொட்டை மாடியில் வளர்க்கலாம்! ஒரே வருஷத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்!"

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் செல்போனில் வந்தால் உஷார்! பணத்தை அனுப்பிவிட்டு இலையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மயிலாப்பூர் மாடியாக இருந்தாலும் சரி, தி.நகர் பால்கனியாக இருந்தாலும் சரி, அடையாறு தோட்டமாக இருந்தாலும் சரி, சென்னையில் கிவி காய்க்காது. ஏன்? விவரம் வருமாறு:-

"ஹார்டி" என்றால் என்ன?

பழக்கடையில் நாம் பார்ப்பது முட்டை அளவு, பழுப்பு நிறம், மேலே ரோமம் உள்ள கிவி. "ஹார்டி கிவி" அதற்குத் தம்பி. திராட்சை அளவுதான் இருக்கும். ரோமம் கிடையாது. தோலோடு வாயில் போட்டுக்கொள்ளலாம்.

சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து மலைக்காடுதான் இதன் சொந்த ஊர். பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி போனாலும் கொடி சாகாது. அதனால்தான் "ஹார்டி" என்று பெயர். அதாவது பனியைத் தாங்கும். நம்ம ஊர் கத்திரி வெயிலைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை! விளம்பரத்தில் இந்த ஒரு விஷயத்தைத்தான் மறைத்துவிடுகிறார்கள்.

25 நாள் ஐஸ் பெட்டி

கிவிக் கொடி குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். ரகத்துக்குத் தக்கபடி சுமார் 600, 700 மணி நேரம் 7 டிகிரியை ஒட்டிய குளிர் கிடைத்தால்தான் விழித்துக்கொண்டு ஒழுங்காகப் பூக்கும்.

600 மணி என்றால் ராப்பகலாக 25 நாள். வீட்டு பிரிட்ஜுக்குள் கொடியை வைத்த மாதிரி!

நம்ம சென்னையில் இதுவரை பதிவான மிகக் கடுமையான குளிரே 13.9 டிகிரிதான். அதுவும் 1895-லும், 1905-லும்! மார்கழி மாதம் மாடவீதியில் மப்ளர் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது குளிர். கிவிக்கு அது கோடைகாலம்.

"வேரில் ஐஸ் கட்டி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. குளிர வேண்டியது கொடியில் உள்ள மொட்டு. வேரில் ஐஸ் போட்டு என்ன பயன்?

பெங்களூரிலேயே முடியவில்லை!

இது ஏதோ வாய்ப் பேச்சு இல்லை. நம் நாட்டில் முதன்முதலில் கிவி நடப்பட்டது 1960-ல், பெங்களூர் லால்பாக் தோட்டத்தில். சர்க்கார் தோட்டம், கை தேர்ந்த தோட்டக்காரர்கள், 3 ஆயிரம் அடி உயரத்துக் குளுகுளு ஊர். அப்படியும் காய்க்கவில்லை. குளிர் பற்றவில்லை!

பிறகு 1963-ல் சிம்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் நட்டார்கள். 6 வருஷம் காத்திருந்து 1969-ல்தான் காய் கண்டார்கள். இன்று இமாசலப் பிரதேசத்திலும், அருணாசலப் பிரதேசத்தில் சீரோ பள்ளத்தாக்கிலும் ஏராளமாக விளைகிறது.

பெங்களூரில் நடக்காதது பாண்டிபஜாரில் நடக்குமா?

ஆணா, பெண்ணா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. குளிர்ப் பிரதேசத்தில்கூட ஒற்றைப் பெண் கொடியை வைத்துவிட்டுக் காத்திருந்தால் காய் வராது. ஏழெட்டுப் பெண் கொடிக்கு ஒரு ஆண் கொடியாவது பக்கத்தில் வேண்டும்.

விதைப் பாக்கெட் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். முளைத்தது ஆணா, பெண்ணா என்பது பூ பூக்கிற வரையில் தெரியாது. பூக்கவே பல வருஷம் ஆகும். அதற்குள் விற்றவர் எங்கே இருப்பாரோ?

ஏற்கனவே ஏமாந்துவிட்டீர்களா?

பணம் கட்டிய ரசீது, விளம்பரப் படம், பேசிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். பணம் போய் சரக்கே வராமல், கம்பெனியும் போலி என்று தெரிந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றப் புகார் எண். சீக்கிரம் சொன்னால் பணத்தை மடக்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் 1915. அது நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. 5 லட்ச ரூபாய் வரையில் வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

அப்போ எந்தக் கொடி வைக்கலாம்?

"கொடி ஆசை விடவில்லையே சார்!" என்கிறவர்களுக்கு நம்ம ஊர்க் கோவைக்காய் இருக்கிறது. இதிலும் ஆண், பெண் தனித்தனிதான். ஆனால் நன்றாகக் காய்க்கிற கொடியில் பென்சில் கனத்துக்கு ஒரு தண்டு வெட்டி நட்டால், அது பெண் கொடியாகவே வளரும். வீட்டில் வளர்க்கும் நல்ல ரகங்கள் ஆண் பூ இல்லாமலே காய்க்கும். பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டால் தண்டு சும்மாவே கிடைக்கும். ரெண்டு மூணு மாதத்தில் பொரியலுக்குக் காய் ரெடி!

ஆபீஸ் போகிறவர்களுக்குப் பொருத்தமானது பீர்க்கங்காய். அதன் பூ மலர்வதே சாயங்காலம்தான். மாடியில் தேனீ, பூச்சி வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் ஆண் பூ ஒன்றைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் பூவில் லேசாகத் தடவி விடுங்கள். பிஞ்சு உதிராமல் நிற்கும். ஆடியிலும் தையிலும் விதை போடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு அது போதும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

கிவி சாப்பிட ஆசை வந்தால்? மலை ஊரில் விளைந்தது பழக்கடையிலேயே கிடைக்கிறது. வாங்கிச் சாப்பிடுங்கள். பந்தலைப் பீர்க்கங்காய்க்கு விட்டுவிடுங்கள்!