மணியும் பதரும்

அறுவடை முடிந்தபின் நாஞ்சில் நாட்டு உழவர் களத்தில் நெல்லைத் தூற்றுவர். முறத்திலிருந்து வீழுங்கால் மணிக்கும் பதருக்கும் வேறுபாடு தோன்றாது. காற்று வீசியதும் பதர் விலகிப் பறக்கும். மணி நேரே கீழே குவியும். நம் உள்ளத்திலும் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன. 'நீ போற்றும் கொள்கை யாது?' என்று ஒருவர் வினவினால், வாய்மை, அன்பு, தொண்டு எனப் பலவற்றை விரைந்து அடுக்கிவிடுகிறோம். அவற்றுள் பிறர் சொல்லக் கேட்டு நாவளவில் நிற்பவை எவை? நம் உயிரோடு ஒன்றியவை எவை? இதனைப் பகுத்தறியும் வழியைப் பெரியார் ஒருவருடைய வாழ்க்கையினின்று அறியலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில் 1907-ஆம் ஆண்டில் பிறந்தவர் ப. ஜீவானந்தம். அவர் இளைஞராயிருந்த நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலினுள் நுழைதல் கூடாது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடத்தலும் குற்றம். அத்தடை நீங்கிக் கோயிற் கதவு அவர்களுக்குத் திறந்தது 1936-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பன்னாள் முன்னரே, ஜீவானந்தம் அம்மக்களுள் ஒருவரான தம் நண்பரைத் தடையுள்ள தெரு வழியே உடனழைத்துச் சென்றார். ஊரார் சினந்தனர், தந்தையார் கடிந்தார். நட்பைக் கைவிட மனமின்றி, அவர் வீட்டைவிட்டு வெளியேறினார்.

பின்னர் அவர் சென்ற வழிகள் பல. காந்தியடிகளின் நெறியைப் பின்பற்றிக் கதர் உடுத்தார். சிராவயலில் ஆசிரமம் அமைத்துத் தொண்டாற்றினார். 1927-இல் காந்தியடிகள் அங்கு வந்து அவரைக் கண்டார். தனித்தமிழ்ப் பற்றினால் தம் பெயரை 'உயிரின்பன்' என மாற்றிக்கொண்டார். பின்னர்ப் பழைய பெயருக்கே மீண்டார். சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தார். இறுதியில் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரானார். 1952-இல் சென்னை வண்ணாரப்பேட்டை மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர்.

பெயரும் இயக்கமும் பலமுறை மாறியமையால் அவரை நிலையற்றவர் என்னலாமா? ஆகாது. மனிதருள் உயர்வு தாழ்வு கூடாது என்னும் எண்ணம் பூதப்பாண்டித் தெருவிலும் அவரோடு இருந்தது, சட்டமன்றத்திலும் இருந்தது. இயக்கங்கள் அவர் நடந்த பாதைகள். சமத்துவமே அவர் நாடிய ஊர். பிற்காலத்தில் அவர் தாம்பரத்தில் ஓர் எளிய குடிசையில் வாழ்ந்தார். முதலமைச்சராயிருந்த காமராசர் அவருக்கு வீடொன்று அளிக்க முன்வந்ததாகவும், ஏழையர் அனைவரும் குடிசையில் வாழத் தமக்கு மட்டும் வீடு வேண்டா என அவர் மறுத்ததாகவும் கூறுவர். 1963-இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே! தனித்திருந்து உங்கள் உள்ளத்தையும் தூற்றிப் பாருங்கள். எதன் பொருட்டு ஓர் இழப்பை மனமுவந்து ஏற்றீர்கள்? யாரும் காணாவிடத்தும் எதனைச் செய்யாது விடுத்தீர்கள்? உங்களுக்குத் தீங்கு இல்லாதபோதும் எந்த அநீதி உங்களைச் சினங்கொள்ளச் செய்தது? இவற்றிற்குரிய விடைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் மீண்டும் மீண்டும் வருவது எதுவோ, அதுவே உங்கள் மணி.

அவ்வாறு எண்ணுங்கால், நண்பன் ஒருவனைப் பலர் இகழ, அஞ்சி வாளாவிருந்த நாளும் நினைவிற்கு வரலாம். அதனை மறைத்தல் வேண்டா. தாம் மதியாத ஒன்றைக் கைவிட்டதற்காக யாரும் வருந்துவதில்லை. ஆதலின் அவ்வருத்தமே உங்கள் உள்ளத்தில் நட்பும் நீதியும் உயிரோடிருப்பதற்குச் சான்றாகும். அடுத்த முறை அவனருகே சென்று நில்லுங்கள். உங்கள் கொள்கை யாது என்பதை அப்பொழுது நீங்களும் அறிவீர்கள், அவனும் அறிவான்.