முதலில் போன வாசல்

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பிரஸ் ஷாப்பில் நிற்பவர்களுக்கு வருடா வருடம் காது டெஸ்ட் உண்டு. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு என்கிறது தொழிற்சாலை விதி. அந்தச் சத்தத்தில் வேலை செய்பவர்களின் காதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் நான். வேனுக்குள் இருக்கும் பூத்தில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வேன். டெஸ்ட் முடிந்த பிறகும் சிலர் எழுந்து போக மாட்டார்கள். "மேடம், என் பையன் விஷயமா ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு வரவில்லை. ஓர் இடத்தில் ஆட்டிசம் என்றார்கள், இன்னோர் இடத்தில் காது நார்மல் என்றார்கள், தெரபி சென்டரில் 'ஆடிட்டரி ப்ராசஸிங்' கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்கள். எதை நம்புவது?

அப்பாவின் காதுக்கு ஃபைல் இருக்கிறது. பிள்ளையின் காதை முழுதாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஒலியைப் பிடிப்பது காதின் வேலை. அது எந்தத் திசையிலிருந்து வந்தது, எது பேச்சு, எது இரைச்சல், சொன்னது 'பல்'லா 'கல்'லா என்று பிரித்தறிவது, காதிலிருந்து மூளை வரை போகும் நரம்புப் பாதையும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை. இதில் தடுமாற்றம் இருப்பதைத்தான் ஆடிட்டரி ப்ராசஸிங் டிஸார்டர், சுருக்கமாக ஏ.பி.டி., என்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு அமைதியான பூத்தில் எல்லா ஒலியும் கேட்கும். ஆடியோகிராம் சுத்தமாக இருக்கும். ஃபேன் சுற்றுகிற, பக்கத்து வகுப்பு இரைகிற பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வதில் பாதி நழுவிப் போகும். "என்ன மிஸ்? என்ன மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். கொஞ்ச நாளில் கேட்பதையும் விட்டுவிடுவான்.

ஆட்டிசத்தையும் காதுக் கோளாறையும் குழப்பிக்கொள்வது புதிதல்ல. 1943இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக முதலில் விரிவாகப் பேசப்பட்டது. அந்தப் பிள்ளைகளிலேயே சிலரை முதலில் காது கேளாதவர்கள் என்று நினைத்திருந்தார்கள். 1954இல் ஹெல்மர் மைக்கில்பஸ்ட், காது நன்றாக இருந்தும் கேட்பதில் சிரமப்படும் குழந்தைகள் உண்டு, அவர்களைத் தனியாகப் பிரித்தறிய வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். இத்தனை வருடம் கழித்தும் கோடு தெளிவாக விழவில்லை.

அதற்குக் காரணம், ஆட்டிசமும் கேட்பதில் வரும் சிரமமும் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடப்பதுதான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வதும், பெயர் சொல்லி அழைத்தால் அசையாமல் இருப்பதும் ஒரே ஆட்டிசப் பிள்ளையிடம் இருக்கும். இந்தப் புலன் வேறுபாடுகள் 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களாகவே இடம்பெற்றுவிட்டன. சரளமாகப் பேசும் ஆட்டிசக்காரர்களுக்குக்கூட இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது மற்றவர்களைவிடக் கடினம் என்று 2004இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

என்னை மிகவும் உலுக்கியது நாட்டிங்ஹாமில் செய்த ஓர் ஆய்வு. 2011இல் வெளிவந்தது. ஏ.பி.டி. என்று பெயர் வாங்கிய பிள்ளைகளையும், மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர் வாங்கிய பிள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. யார் அனுப்பி, எந்தத் துறைக்குப் போனார்கள் என்பதே பெயரைத் தீர்மானித்திருக்கிறது. எங்கள் ஊரில் இதைத்தான் நான் கண்ணால் பார்க்கிறேன். ஈ.என்.டி.யிடம் போன பிள்ளை காதுப் பிள்ளை, குழந்தை டாக்டரிடம் போன பிள்ளை ஆட்டிசப் பிள்ளை.

அதனால் பெயரைப் பற்றிப் பேசும் முன் டெஸ்டுகளின் வரிசையைக் கேட்கிறேன். சுங்குவார்சத்திரத்துப் பக்கத்து ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒருவரின் மகன் பிறந்ததும் ஓ.ஏ.ஈ. டெஸ்டில் 'பாஸ்'. அந்தத் தாளை லேமினேட் செய்தே வைத்திருந்தார்கள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று பேச்சு வந்தபோது, காதைத்தான் ஏற்கெனவே பார்த்தாச்சே என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஓ.ஏ.ஈ. உள்காதின் செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும் சொல்லும். அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்பதற்கு 'பெரா' எடுக்க வேண்டும். "பிறந்தப்போ மஞ்சள் காமாலை அதிகமாகி, ரத்தம் மாத்துனாங்க மேடம்" என்றார் அம்மா. பெரா எடுத்துப் பார்த்தால் அலைகளே இல்லை. ஆடிட்டரி நியூரோபதி. 1996இல் ஆர்னால்ட் ஸ்டாரும் உடன் பணியாற்றியவர்களும் பெயர் வைத்த நிலை இது. ஏ.பி.டி. வேறு, இது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டையும் ஆட்டிசம் என்றே நினைக்கத் தோன்றும். இந்த வகையில் பல பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பலன் தருகிறது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். தவறான பெயரோடு மூன்று வருடம் போனால் போனதுதான்.

அடுத்தது மொழி. மாத்தூரில் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக் குடும்பத்தின் பெண் குழந்தை. பால்வாடியில் பேசுவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, "ஒரு மாதிரியா இருக்கா" என்று அனுப்பிவைத்தார்கள். அப்பாவோடு வேலை செய்பவர் ஒருவர் போனில் ஒடியாவில் சொல்லச் சொல்ல, அவள் பந்தை எடுத்தாள், அம்மாவிடம் கொடுத்தாள், ஜன்னலுக்கு வெளியே நின்ற நாயை எனக்கு விரல் நீட்டிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தான் ரசித்ததை அடுத்தவரும் ரசிக்க வேண்டும் என்று காட்டுகிற அந்த விரல், ஆட்டிசத்தைச் சோதிக்கும்போது நாங்கள் தேடுகிற முக்கியமான ஒன்று. அவளுக்குத் தெரியாதது தமிழ் மட்டுமே.

ஏ.பி.டி. டெஸ்டுகள் பெரும்பாலும் பேச்சை வைத்தே நடப்பவை. இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொல் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம், இரைச்சலைக் கலந்து கொடுப்போம். பிள்ளையின் சொந்த மொழியில் செய்யாவிட்டால் முடிவுக்கு அர்த்தம் இல்லை. ஏழு வயதுக்கு முன்னால் இந்த டெஸ்டுகளை நம்பவும் முடியாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதை அப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நான்கு வயதில் யாராவது ஏ.பி.டி. என்று உறுதியாக எழுதித் தந்தால், எந்த டெஸ்டில் தெரிந்தது என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு, மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு, செவிப்புல நிறுவனத்தில் ஆஷா யத்திராஜும் உடன் ஆய்வாளரும் தயாரித்த 12 கேள்விப் பட்டியல் இருக்கிறது. டீச்சரே நிரப்பலாம். அது நோயைச் சொல்லாது, யாரை மேலே அனுப்ப வேண்டும் என்று சொல்லும்.

குழப்பம் எதிர்ப்பக்கமும் நடக்கிறது. போன் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஆடியோகிராம் நார்மல் என்றதும் அழுதுவிட்டாள். லைன் லீடர் சொல்வது புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்பதால் 'செவிடி' என்று பெயர். தனக்கு ஏ.பி.டி.தான் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். ஷிப்ட் மாறினால் உடம்பு நடுங்குவது, கேன்டீன் வாசனை தாங்காமல் சாப்பிடாமலே வேலைக்குப் போவது, சின்ன வயதில் யாரோடும் சேராமல் பாசிமணிகளை நிறவாரியாக அடுக்கியது எல்லாம் பேசப் பேச வெளியே வந்தன. மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். ஆட்டிசம் என்று 23 வயதில் தெரிந்தது. இப்போது அவளுக்கு வேலை மாற்றங்களை எழுதியே கொடுக்கிறார்கள்.

"ஆட்டிசம்னு எழுதாதீங்க மேடம், காதுன்னே எழுதுங்க" என்று கேட்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி எழுதினால் பிள்ளை எதையெல்லாம் இழக்கும் என்று சொல்லாமல் விட மாட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது. மத்திய அரசின் நிராமயா திட்டத்தில் அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. செவித்திறன் குறைபாட்டைச் சட்டம் டெசிபலில் அளக்கிறது, இரண்டு காதிலும் 60க்கு மேல் வேண்டும். ஏ.பி.டி. என்ற பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. கற்றல் குறைபாட்டின் விளக்கத்துக்குள் 'புலனறிதல் குறைபாடு' என்று ஒரு சொல் மட்டும் வருகிறது. அதைச் சான்றிதழாக மாற்ற நிறைய அலைய வேண்டும்.

உதவி செய்யப் பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். டீச்சரின் குரல் நேராகக் காதுக்கு வரும்படி மைக்கும் ரிசீவரும் கொடுத்தபோது ஆட்டிசப் பிள்ளைகளும் வகுப்பில் தெளிவாகக் கேட்டார்கள் என்று மெல்போர்ன் ஆய்வு ஒன்று 2014இல் சொன்னது. அந்தக் கருவி விலை அதிகம். முன் பெஞ்ச், ஃபேனிலிருந்து தள்ளி இடம், முகத்தைப் பார்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, இவற்றுக்குக் காசு வேண்டாம்.

போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் பேச்சு, செவிப்புலத் துறை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. எங்கே போனாலும், பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். குறைமாதமா, காமாலையா, ஆக்சிஜன் வைத்தார்களா என்று அதில் இருக்கும். வீட்டில், வீட்டு மொழியில், பிள்ளை விளையாடுவதைப் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ரூமில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை மட்டும் வைத்து யாரையும் முடிவெடுக்க விடாதீர்கள்.