எட்டாயிரம் சுற்றுக் கம்பி

எலெக்ட்ரிக் கித்தாரில் தந்திகளுக்குக் கீழே சின்னப் பட்டை ஒன்று இருக்குமே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடிபோல் மெல்லிய செம்புக் கம்பி, ஏறக்குறைய 8,000 சுற்று. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், கம்பியில் மின்சாரம் பிறக்கும்.

கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனத்தில் 1956இல் சேர்ந்த அபிகெயில் இபாரா பல்லாண்டுகள் இந்த வேலையைச் செய்தார். சுழற்றுவது இயந்திரம், கம்பியை விரலால் பிடித்து இடமும் வலமும் நகர்த்துவது அவர் கை. கை கொஞ்சம் ஒழுங்கு தவறுவதுதான் விசேஷமே! வரிசை கலைந்தால் சுற்றுகளுக்கிடையே மின்தேக்கம் குறையும், மேல் சுருதி தெளியும் என்பது கைவினைஞர்கள் கணக்கு.

வாங்கப்போகும் தம்பி தங்கைகளே, விளம்பரத்தில் '8 கிலோ ஓம்' என்று பார்த்ததும் சத்தம் அதிகம் என்று நம்பிவிடாதீர்கள். அது மின்தடை. சுற்று கூடினால் அதுவும் கூடும், சத்தமும் கூடும், கூர்மை மங்கும். ஆனால் கம்பியை மெலிதாக்கினாலும் மின்தடை ஏறும், சத்தம் ஏறாது. நம் ஊர் வெயிலில் வைத்தால்கூட ஏறும், செம்பின் குணம் அது!

எனவே கம்பி 42 கேஜா 43ஆ, எத்தனை சுற்று, என்ன காந்தம் என்று கேளுங்கள். பிறகு கடையிலேயே ஆம்ப்பில் செருகி வாசித்துப் பாருங்கள்.