மீன் தலையில் பிறந்த சிங்கப்பூர்ச் சுவை

மதிய வேளையில் ரேஸ் கோர்ஸ் சாலை ‘முத்தூஸ் கறி’ உணவகத்தில் வாழையிலை போட்டு, சோறும் அப்பளமும் பொரியலும் வைத்தபின் வருகிறது மீன் தலைக் கறி. சிவந்த புளிக்குழம்பில் முழுத் தலை. பக்கத்தில் வெண்டைக்காயும் அன்னாசித் துண்டும். ருசி தெரிந்தவர்களின் கை முதலில் கன்னச் சதைக்குத்தான் போகும்.

இந்தக் கறி ஊரிலிருந்து கப்பலேறி வந்ததல்ல, சிங்கப்பூரிலேயே பிறந்தது. 1949 வாக்கில் சோஃபியா ரோட்டில் உணவகம் நடத்திய கேரளக்காரர் எம்.ஜே. கோமஸ்தான் இதை முதலில் சமைத்தார் என்பார்கள். சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்தவர், அதைத் தென்னிந்தியக் குழம்பில் வேகவிட்டார். விரைவிலேயே சீனச் சமையல்காரர்களும் தங்கள் பக்குவத்தில் அதைச் செய்யத் தொடங்கினார்கள்.

அந்தச் சுவையைத் தலைமுறை தாண்டிக் கொண்டுவந்தவை லிட்டில் இந்தியாவின் குடும்பக் கடைகள். 1969இல் அய்யாக்கண்ணு கிளாங் ரோட்டில் சிறிதாகத் தொடங்கியதுதான் முத்தூஸ் கறி. அவருக்குப் பின் பிள்ளைகள் பொறுப்பேற்றார்கள். அதே ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கும் ‘பனானா லீஃப் அப்போலோ’, 1974இல் எஸ். செல்லப்பன் தொடங்கியது.

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் தீவு இது. இங்கே உள்ளூர்ப் பொருள் என்றால், அக்கம்பக்கத்துக் கடலிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் தேக்கா சந்தைக்கு வந்து சேர்வதுதான். அதை வைத்துப் புதிதாக என்ன செய்யலாம் என்ற கேள்வியில்தான் இந்த ஊரின் சமையல் வளர்ந்தது.

2016இல் அமோய் ஸ்திரீட்டில் விஜய் முதலியார் திறந்த ‘நேட்டிவ்’ மதுக்கூடம் கேட்டதும் அதே கேள்வியைத்தான். மேலைநாட்டு மதுவகைகளைத் தவிர்த்து, இலங்கைத் தென்னஞ்சாராயம், இந்திய ரம், உள்ளூரில் பறித்த இலைகள், எறும்பு வரை பயன்படுத்தினார். உலக அளவில் பாராட்டுக் கிடைத்தது. தகுதியான பாராட்டுதான். ஆனால், கோமஸின் அடுப்பிலும் அதே துணிவு எரிந்ததை மறக்கக் கூடாது.

குடும்பக் கடைகளைப் பழம்பெருமையாக மட்டும் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் அநீதி. ஒரு காலத்தில் புதுமை செய்ததால்தான் அவை இன்று மரபாகி நிற்கின்றன. நாம் செய்யவேண்டியது, பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து சாப்பிடுவது. அங்கே அடுத்த தலைமுறை புதிதாக ஒன்றைச் சமைத்தால், “அப்பா காலத்தில் இப்படி இல்லையே” என்று ஒதுக்காமல் ருசித்துப் பார்ப்பது.