குரோம்பேட்டைக்கு வந்த வழி

எக்கல்லூரி என்னும் வினாவுக்கு முன்னரே எழ வேண்டிய வினா, எத்துறை என்பதாகும். ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1950ஆம் ஆண்டு திருச்சி தூய வளனார் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். அங்கேயே இயற்பியலில் பட்டமும் பெற்றார். அதன் பின்னரே தமக்குரிய துறை பொறியியல் என உணர்ந்தார். இடைநிலை வகுப்பு முடிந்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம். ஆனால், வேறு வழிகள் உண்டென்பதையே அப்போது அவர் அறிந்திருக்கவில்லை.

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் சி. இராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி, அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டது. தெரிவுப் பட்டியலில் கலாமின் பெயர் இடம்பெற்றது. சேர்வதற்கோ ஏறத்தாழ 1000 ரூபாய் வேண்டும்; அக்குடும்பத்துக்கு அது பெருந்தொகை. சகோதரி ஜோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

கல்லூரி வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரு வானூர்திகள் நின்றன. ஏனைய மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவர் அவற்றின் அருகிலேயே அமர்ந்திருப்பார். முதலாண்டு முடிந்ததும் வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். விவரக் குறிப்பேட்டில் இத்தகைய ஈர்ப்பு கிட்டுமா என்பது ஐயமே.

இன்று அக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழக வளாகங்களுள் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் கலந்தாய்வு வழியே அங்குச் சேரலாம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை அமைகிறது. ஆதலின், பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் எடுத்த பாடப்பிரிவே பாதித் தெரிவாகிவிடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அவர்தம் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.